மிலிட்டரி என்ற உறவுமுறை

ரொம்ப நாள் வரை மிலிட்டரி என்பதை ஓர் உறவுமுறை என்றுதான் நான் நினைத்திருந்தேன். சித்தப்பா, அத்தை, மாமா மாதிரி மிலிட்டரி. எல்லார் வீட்டிலும் ஒருவர் இருப்பார், விடிவதற்குள் எழுந்து முகம் மழித்துக்கொள்வார், மற்றவர்கள் உதறிவிட்டுப் போன கம்பளிகளையெல்லாம் சதுரமாக மடித்து வைப்பார் என்று எண்ணம். எங்கள் வீட்டு மிலிட்டரி என் அப்பாவைப் பெற்றவர் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்குத் தெரிய வந்தது.

தப்பு என்னுடையது மட்டுமல்ல. பட்டாளத்தில் இருந்த காலத்தில் அவர் வருடத்துக்கு ஒருமுறை லீவில் எங்கள் மலையூரான தலைச்சோலைக்கு வருவாராம். இரும்புப் பெட்டியோடு ஒரு மீசைக்காரர் வந்து நின்றதும் அப்பாவும் அத்தையும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். ஊரே "மிலிட்டரி வந்துட்டாருங்க" என்று சொன்னதால் பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கூச்சம் தெளிந்து மடியில் ஏறும் நேரத்தில் லீவு முடிந்துவிடும். ஒரேயடியாக அவர் திரும்பி வந்தபோது அப்பாவுக்கு மீசை அரும்பியிருந்தது. அந்த வயதில் புதிதாக ஒருவரை அப்பா என்று கூப்பிட யாருக்கு வாய் வரும்?

மரியாதையில் ஒரு குறையும் இல்லை. "மிலிட்டரி, சாப்புட வாங்க" என்பார் அப்பா. அவரும் வந்து சாப்பிடுவார். தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுக் காப்பித் தோட்டத்துக்குப் போய்விடுவார். அத்தையின் கல்யாணம், அப்பாவின் படிப்பு, வீடு, தோட்டம் எல்லாமே அவர் சம்பாத்தியம். ஆனாலும் அந்த வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்தவர் அவர் ஒருவர்தான்.

ஒரு நாள் களத்தில் நானும் அவரும் காப்பிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பையன் "அப்பா" என்று கத்திக்கொண்டு ஓடினான். மிலிட்டரி கையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்.

"உங்கப்பனும் ஒருக்கா இப்பிடிக் கூப்புட்டா என்ன, கொறஞ்சா போயிருவான்? ஏங்கண்ணு?" என்று சிரித்தார்.

எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. மிலிட்டரியைப் போய் எதற்கு அப்பா என்று கூப்பிட வேண்டும்?

அந்த மார்கழியில் ஒரு சாயங்காலம், தோட்டத்துக்குப் போனவர் திரும்பவில்லை. எதிரே நிற்கும் ஆள் தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கியிருந்தது. அவர் எந்தத் தடத்தில் போனார் என்று பார்த்தவள் நான்தான் என்பதால் அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மேட்டில் நின்று "மிலிட்டரி, மிலிட்டரி" என்று கூப்பிட்டுப் பார்த்தோம். பதில் இல்லை; அவ்வளவு தூரம் எங்கள் சத்தம் எட்டவில்லை போல. கீழே இறங்கினோம். சரிவின் ஓரத்தில் அவருடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது.

அதைப் பார்த்ததும் அப்பாவுக்கு என்ன ஆயிற்றோ, "அப்பா!" என்று கத்தினார். திரும்பத் திரும்ப, தொண்டை கட்டிப்போகும் வரை, சின்னப் பையன் மாதிரி "அப்பா, அப்பா" என்று கத்தினார். பதில் வரவில்லை. அவர் அப்படியே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் பயந்துபோய் என் பங்குக்கு "மிலிட்டரி!" என்று ஒரு சத்தம் போட்டேன்.

"இங்கதான் இருக்கறேன் சாமி" என்று காலடியிலிருந்து குரல் வந்தது.

கொஞ்சம் கீழே, ஒரு சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்து, கால் பிசகி உட்கார்ந்திருந்தார். அப்பா சறுக்கிக்கொண்டே இறங்கி அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

"அட, சுளுக்குத்தான் சாமி. இதுக்குப் போயி அழுவாங்களா?" என்றார் மிலிட்டரி. அப்பா அவரை முதுகில் தூக்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் முதுகிலிருந்தவர் கேட்டார்.

"ஏஞ்சாமி, இத்தன நேரமா ஆரோ ஒரு பையன் அவங்கப்பனக் காணாம கத்திக்கிட்டுத் திரிஞ்சானே, உனக்குக் கேட்டுச்சா? நொம்பப் பாவமா இருந்துச்சு. அவனே தவிச்சுக்கிட்டுத் திரியறான், நாம வேற எதுக்குத் தொந்தரவுன்னு சத்தங்காட்டாம இருந்துட்டேன். கெடச்சுட்டாராமா?"

அப்பா நின்றார். முதுகிலிருந்தவரை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டார்.

"கெடச்சுட்டாருங்க, மிலிட்டரி."

அந்த மலையில் எங்கள் மூவரைத் தவிர ஓர் ஆளும் இல்லை. அப்பா எதற்கு வாய் கூசாமல் பொய் சொல்கிறார் என்று யோசித்தபடி, செருப்பைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.