ஜன்னலோர நாற்காலிக்கு வந்த மின்னஞ்சல்

பிறருக்கு வருகிற கடிதங்களைப் பிரித்து அடுக்குவதே பிழைப்பாகிப் போனவர்களுக்கு, கூரையில் விழும் மழைகூட மின்னஞ்சல் வந்து விழுகிற சத்தமாகத்தான் கேட்கும். காலையில் பெட்டியைத் திறந்ததும் மூச்சு முட்டுகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே வெள்ளத்தில் இடுப்பளவு நிற்பவர்கள். பணி ஓய்வுக்குப் பிறகு, மலேசியாவில், சுங்கைப்பட்டாணி நகரின் பாக்கார் ஆராங் பகுதியில் ஒரு சிறிய ரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. வருகிற மின்னஞ்சல்களுக்கு ‘ஃபோல்டர்’ என்கிற உறைகள் உண்டாக்கி, எது எந்த உறையில் தானாகப் போய் விழவேண்டும் என்று கணினிக்குச் சொல்லி வைக்கும் வேலை.

பெயர் வைத்தல்

முதல் வாரம் முழுக்க உறைகளுக்குப் பெயர் வைத்தேன். மருந்து நிறுவனங்களுக்கு ஒன்று, நன்கொடையாளர்களுக்கு ஒன்று, சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அவரவர் பெயரில் ஒவ்வொன்று. இடம் கேட்டு எழுதியவர்களின் உறைக்குக் ‘காத்திருப்போர்’ என்று பெயரிட்டேன். அந்தச் சொல்லை மெல்லச் சொல்லிப் பார்த்தால், ஜெராய் மலைமேல் பெய்யாமலும் போகாமலும் நிற்கிற மேகம் கண்ணில் வந்தது.

அந்த உறையில் முதலில் இருந்தவர் சுங்கை லாலாங் தோட்டத்துக் காளியம்மா. சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் அலோர்ஸ்டார்வரை போய் ரத்தம் சுத்திகரித்து வந்தார். அவரைக் காடியில், அதாவது காரில், ஏற்றிப்போகும் மகனுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. இனிமேல் விடுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். எங்களிடம் ஒரு சிகிச்சை நாற்காலி காலியானால் அவன் வேலையும் தப்பும், அவர் உயிரும் தப்பும். நான் இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது மேலாளர் குணா திரையை எட்டிப் பார்த்தார். என் மகன் வயதுதான் அவருக்கு.

“ஆன்ட்டி, இது ஆபீஸுதானே லா. ‘வெயிட்டிங் லிஸ்ட்’னு போடுங்க. நீங்க பேரு வச்சா, திறக்கிறவங்களுக்கு அழுகை வந்துரும்.”

சிவப்பு உறை

தலைப்பில் ‘அவசரம்’ என்ற சொல் எந்த மொழியில் இருந்தாலும் அந்த மின்னஞ்சல் சிவப்பு உறைக்குப் போகவேண்டும் என்று குணா ஒரு விதி போட்டார். உறை சீக்கிரமே நிரம்பிவிட்டது. அச்சு இயந்திரத்துக்கு மை விற்பவர், குளிர்சாதனம் துடைப்பவர், பயிற்சிப் பட்டறை நடத்துபவர் எல்லாருக்கும் அவசரம்.

விதியில் சிக்காமல் ஓரமாகக் கிடந்தது எங்களிடம் சிகிச்சைக்கு வரும் பீடோங் பெரியவர் ஒருவர் எழுதியது. வணக்கம், பசியாறிவிட்டீர்களா என்று தொடங்கி, ஊரில் விடாத மழை, கோழிகள் கூட்டுக்குள்ளேயே சோர்ந்து கிடக்கின்றன என்று ஒரு பாட்டுப்போல நீண்டது. கடைசி வரியில்தான், கால் வீங்கிவிட்டது, படுத்தால் மூச்சு வரவில்லை என்றிருந்தது. தாதி கவிதாவிடம் ஓடினேன். அவள் உடனே அவரை வரவழைத்து இயந்திரத்தில் போட்டாள். மாலையில் அவருக்கு மூச்சு சீரானபின், கை கழுவிக்கொண்டே சொன்னாள்:

“மூச்சு முட்டுறவரு கோழியப் பத்தி எழுதுறாரு, மை விக்கிறவன் அவசரம்னு எழுதுறான். இத அந்தக் கம்ப்யூட்டருக்கு யாருக்கா சொல்லிக் கொடுக்கிறது?”

ராமையாவின் உறை

செமிலிங் ராமையா ஜன்னலோர நாற்காலிக்காரர். ஒவ்வொரு சிகிச்சைக்கும் முதல் நாள் மாலை, ‘நாளை காலை உங்கள் முறை’ என்று அவருக்குத் தானாக ஒரு மின்னஞ்சல் போகும். ஒரு விடியலில் தூக்கத்திலேயே போய்விட்டார். சடங்கெல்லாம் முடிந்த மறுநாள், அந்த நினைவூட்டலை நிறுத்த உட்கார்ந்தேன். அதற்குள் ஒன்று போய்ச் சேர்ந்து, அவர் மனைவியின் பதிலும் அவர் பெயர் போட்ட உறைக்குள் அமைதியாக வந்து விழுந்திருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

“மேடம், இத நிப்பாட்டிராதீங்க. வெள்ளனவே எந்திரிச்சு அவருக்குக் காப்பி கலக்கிர்றேன், அப்புறந்தான் ஞாபகம் வருது. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வேணும்.”

வராத பதில்

ராமையாவின் நாற்காலியைக் காளியம்மாவுக்குத் தருவதென்று முடிவாயிற்று. திங்கள்கிழமை அவருக்கு எழுதினேன். வெள்ளிக்குள் எழுத்தில் சம்மதம் வரவேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு. ஒவ்வொரு நாளும் அவர் உறையைத் திறந்தேன். திரையின் வெளிச்சம் மட்டும் இருந்தது. வெள்ளி மதியம், அடுத்தவருக்கு எழுதிவிடுங்கள் என்றார் குணா. நீங்கள் சாப்பிட்டு வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, விண்ணப்பத்தில் இருந்த எண்ணை அழைத்தேன்.

எடுத்தது காளியம்மா இல்லை. தோட்டத்து முனையில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் மனோ. அங்கே தனக்கென்று மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள் அபூர்வம். பள்ளிக்கூடம், மருத்துவமனை, அரசு அலுவலகம் எதுவானாலும் மனோ கடை முகவரியையும் எண்ணையும்தான் கொடுப்பார்கள். பதில் வந்தால் அவன் மோட்டார் சைக்கிளில் போய் வாசலில் நின்று படித்துச் சொல்வான்.

“ஐயோ ஆன்ட்டி, அன்னிக்கே ‘சரி’னு போட்டேனே! மறுபடியும் போட்டேன். அந்தம்மா தெனம் கடையில வந்து நிக்கிறாங்க. ரொம்ப சுசா, கஷ்டமா இருக்கு ஆன்ட்டி, அவங்க மூஞ்சியப் பார்க்க முடியல” என்றான்.

குப்பை உறையைத் திறந்தேன். கைப்பேசி உறை மலிவு, கண்ணாடி ஒட்டினால் இன்னொன்று இலவசம் என்ற விளம்பரங்களுக்கு நடுவே, இரண்டு ‘சரி’கள். காளியம்மாவின் விண்ணப்பம் வந்தபின், தீபாவளி சமயத்தில் மனோ விளம்பரமாக அனுப்பித் தள்ள, அந்த முகவரியிலிருந்து எது வந்தாலும் குப்பைக்கு என்று குணாவே ஒரு விதி போட்டிருக்கிறார். சாப்பிட்டு வந்தவரிடம் காட்டினேன். நின்றபடியே அந்த விதியை அழித்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

“ஒரு கடைக்காரன் வாயை மூடுறேன்னு நெனச்சேன் ஆன்ட்டி, ஒரு எஸ்டேட்டு வாயையே மூடியிருக்கேன்.”

காளியம்மா

அடுத்த திங்கள் அவர் வந்தார். நான் நினைத்ததைவிடச் சிறிய உருவம். இயந்திரம் சுழலத் தொடங்கியதும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் அந்நேரம் தொழிற்சாலையில் இருந்தான். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. வெளியே, தூறலில் கார்கள் தண்ணீருக்குள் போவதுபோல் சத்தமில்லாமல் போயின.

இனி எதுவும் தொலைந்துபோகாமல் இருக்க, உங்களுக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி செய்து தருகிறேன் என்றேன். ஊசி குத்தாத கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“எதுக்கும்மா தனியா? மனோ தம்பிக்கு வந்தா எங்க லயத்து வீடு அத்தனையும் கேக்கும். எனக்கு மட்டும் வந்தா, நான் இல்லாத அன்னிக்கு அத யாரு படிப்பா?”

அஞ்சலைப் பிரித்து வைக்கிற வேலையைக் கணினியிடம் கொடுத்துவிட்டு, அது எதை எங்கே கொண்டுபோய்ப் போட்டது என்று தேடிப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.