அக்காவின் புகாரை நான் முடித்த நாள்

என் கணினிக்குப் பக்கத்தில் மூலை உடைந்த பீங்கான் பியூஸ் கட்டை ஒன்று இருக்கிறது. காகிதம் பறக்காமலிருக்க வைத்திருக்கிறேன் என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நானும் மறுப்பதில்லை. எங்கள் பக்கத்து ஊர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் மோட்டார்ப் பெட்டியிலிருந்து நான் பிடுங்கியது அது.

மோட்டாரைக் கைப்பேசியிலேயே போடவும் நிறுத்தவும் நாங்கள் நாலைந்து பேர் சம்பளமில்லாமல் ஒரு செயலி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று பொதுவில் வைத்திருந்தோம். அதன் புகார்ப் பட்டியல் என் பொறுப்பு. எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதும் அந்தப் பட்டியலில் அக்கா தான் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார்: "ஆப்ல நின்னுச்சின்னு காட்டிக்கினு கீது. கரண்டு வந்தா மோட்டார் தானா ஓடுது. இன்னான்னு பாருப்பா." அது சரியாகும்வரை, கிணற்றில் இறங்குமுன் பியூஸைப் பிடுங்கிவிடுவார். அவரிடமும் குழாய்ப் புகார் நோட்டு ஒன்று உண்டு. புகார் சொன்ன வீட்டார் தண்ணீர் வருவதைப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அதில் ஒரு வரியைக்கூட அடிக்கமாட்டார்.

நான் அடித்தேன். பட்டியல் நூற்றுக்கணக்கில் பெருகிப் பார்க்கவே அசிங்கமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறு மாதமாக யாரும் தொடாத புகார்களையெல்லாம் படித்துக்கூடப் பார்க்காமல் மொத்தமாக 'முடிந்தது' என்று போட்டேன். வீட்டைப் பெருக்கிவிட்ட மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை வேறு.

மூன்றாம் நாள் வேறொரு மாவட்டத்துக்காரர் அதே கோளாறை எழுதினார். தானாக ஓடிய மோட்டாரில் கை போகப் பார்த்ததாம். நான் முடித்துப் போட்டதில் அக்காவின் புகாரும் இருந்தது. செயலியில் அக்காவின் மோட்டார் விவரத்தைத் திறந்தேன். மின்சாரம் இல்லாத நேரத்தில், அன்று பதினொன்றரைக்கு, நிறுத்தியிருந்தார். அந்நேரத்தில் நிறுத்தினால் கிணற்றில் இறங்கி மோட்டார் சல்லடையைச் சுத்தம் செய்யத்தான். பன்னிரண்டுக்கு மின்சாரம் வந்துவிடும். மோட்டார் ஓடினால் கை போகும், ஒயர் கசிந்தால் உயிரே போகும். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வண்டியை எப்படி ஓட்டினேன் என்று இன்றும் தெரியவில்லை. கடவுளே, இன்றைக்கு மட்டும் கரண்டு தாமதமாக வரட்டும் என்பதைத் தவிர மனதில் ஒன்றுமில்லை.

மோட்டார்க் கொட்டகைக்குள் ஓடி மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கினேன். அவசரத்தில் ஒன்று விழுந்து மூலை உடைந்தது. அதைக் குனிந்து எடுக்கும்போதே மீட்டர் பலகையில் கரண்டு வந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.

கிணற்றுக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி அக்கா அண்ணாந்து பார்த்தார். "ஏம்பா, இன்னா இப்பிடி எரைக்குது ஒனக்கு?"

"பீஸ் ஏங்க்கா புடுங்கல?"

"நீதான் முடிஞ்சிச்சின்னு போட்டுகீறியே. பாக்காமயா போடுவ?"

பார்க்காமல்தான் போட்டேன் என்று நான் சொல்லவில்லை. உடைந்ததை மாற்றித் தருகிறேன் என்று மட்டும் சொல்லி எடுத்துவந்தேன்.

அக்கா இப்போது ஓரிக்கையில் மகள் வீட்டோடு இருக்கிறார். புதிதாகச் சேர்ந்தவர்கள், பழைய புகார்கள் தானாகவே முடிந்துபோகிற மாதிரி நிரல் எழுதலாமே என்கிறார்கள். என் கை பீங்கான் கட்டைக்குப் போகிறது. கோளாறை அந்த வாரமே சரிசெய்தாகிவிட்டது. ஆனாலும் நான் மறுபடி திறந்த அக்காவின் புகார் பட்டியலின் அடியில் அப்படியே இருக்கிறது. அதை முடிக்க அவர் கையெழுத்து வேண்டும். கேட்கப் போனால், அன்றைக்குச் சொல்லாததைச் சொல்லியாக வேண்டும்.