மண்டப வாசலில் கூப்பிட்டவள்

வேலை நாட்களில் நான் பூ வைப்பதில்லை. கரு வளர்கிற லேபுக்கு வாசனை ஆகாது. மல்லிகை, சென்ட், வாசனைப் பவுடர் எதுவும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று எங்கள் லேப்காரர் ஒற்றைக்காலில் நிற்பார். அதனால் கல்யாணம், காதுகுத்து என்று எங்காவது போனால் இந்த வேலைக்கு வந்த பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து வைத்துக்கொள்வேன். அன்றைக்கும் தலைகொள்ளாத மல்லிகையோடு மரக்காணத்தில் ஒரு மண்டப வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இப்போது அந்த வாசனை வந்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

பாண்டிச்சேரியில் ஒரு குழந்தைப்பேறு சிகிச்சை மையத்தில் நான் கோஆர்டினேட்டர். படித்தது நர்சிங். சொந்தக் கருமுட்டையில் பிள்ளை தரிக்க வழியில்லாத பெண்ணுக்கு, இன்னொரு பெண் கொடுக்கும் முட்டையைக் கருவாக்கி வைப்பது எங்கள் பிரிவு. இதற்குப் பெரிய பட்டாளமே இருக்கிறது. டாக்டரம்மா ஸ்கேன் பார்த்து மருந்து அளவு சொல்வார். மயக்க மருந்து டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஓடுகிறவர், வந்து ஊசி போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் பறப்பார். லேப்காரர் மைக்ராஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். கவுன்சலர் மெல்லப் பேசுவார். வக்கீல் கையெழுத்து விடுபட்ட இடத்தில் பென்சிலால் வட்டம் போடுவார். ஆளுக்கொரு துண்டுதான் தெரியும். கொடுக்கிறவள் முகம், வாங்குகிறவள் முகம் இரண்டையும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

திமிரெல்லாம் ஆஸ்பத்திரி வாசலோடு சரி. வீட்டில் நான் 'லேடீஸ் டாக்டர்கிட்ட நர்ஸ்'. என் மாமியார் வீட்டார் மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர்கள். யாரோ ஒருத்தியின் முட்டையை எடுத்து வேறொருத்திக்கு வைக்கிற வேலை என்று தெரிந்தால் அந்த வீட்டில் அடுப்பங்கரையில்கூட என்னை விடுவார்களா என்பது சந்தேகம். இதில் தவறு ஒன்றுமில்லை என்று நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்லித் தைரியம் கொடுக்கிற நான், சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது அதையே மறைத்துக்கொண்டு நுழைவேன்.

அன்றைக்கு மண்டப வாசலில் என்னைக் கூப்பிட்ட பெண்ணும் மரக்காணம் பக்கம்தான். உப்பளத்தில் உப்பு வாருகிறவள். இரண்டு பிள்ளைகள். மழைக்காலம், பாத்தியெல்லாம் தண்ணீர், வேலை இல்லை. கருமுட்டை வங்கி வழியாக வந்தாள். புருஷன் உப்பு லாரி ஓட்டுகிறவர், அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். மாமியாருக்கு மட்டும் தெரியக்கூடாது என்றாள். தினமும் ஊசிக்குப் பஸ் ஏறி வர என்ன காரணம் சொல்வது என்று கேட்டாள். 'டைலரிங் கிளாஸ்னு சொல்லிடும்மா' என்று எடுத்துக் கொடுத்தது நான். பொய் எனக்குத்தான் சரளமாக வருமே.

கொடுக்க வருகிற எல்லோருக்கும் நான் இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, முட்டை எடுத்த பிறகு வயிறு உப்பினாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே எங்களைக் கூப்பிட வேண்டும். சிலருக்கு ஊசியின் வேகத்தில் வயிற்றில் நீர் கட்டிவிடும். இப்போது மருந்தெல்லாம் மாறிவிட்டதால் அபூர்வம்தான், ஆனால் வந்தால் விளையாட்டல்ல. இரண்டாவது, வெளியில் எங்கே பார்த்தாலும் எனக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கு என்னைத் தெரியாது. ரகசியம் காப்பது எங்கள் தொழிலில் பெரிய விஷயம். இரண்டையும் திருப்பிச் சொல்லச் சொல்வேன். அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை முட்டை எடுத்தோம். இருபதுக்கு மேல் வந்தது. லேப்காரர் அபூர்வமாகச் சிரித்தார். மறுநாள் போனில் விசாரித்தேன். 'நல்லாருக்கேங்க சிஸ்டர்' என்றாள். நான் பதிவேட்டில் டிக் அடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மண்டபம். மாமியாரின் தங்கை பேத்திக்கு மஞ்சள் நீராட்டு விழா. வாசலில் என் மாமியார், இரண்டு நாத்தனார்கள், நான். சீர்வரிசைத் தட்டுகளோடு நின்றிருந்தோம். எதிர்ப்பக்கத்தில் போனவள் என்னைப் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்து வந்தாள். தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி தட்டில் இருந்த ஆப்பிளை அடுக்க ஆரம்பித்தேன்.

"சிஸ்டர்" என்றாள். "ஒரு நிமிஷங்க."

நான் நிமிர்ந்தேன். புடவையைத் தொப்புளுக்குக் கீழே இறக்கிக் கட்டியிருந்தாள். வலது கை விலாவில் இருந்தது. நான்கு எட்டு நடந்ததற்கு மூச்சு வாங்கியது. எனக்கு ஸ்கேன் தேவையில்லை. இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் எனக்குச் சம்பளமே.

"யாரும்மா நீ?" என்றேன். "ஆள் மாத்திப் பேசற போல."

என் மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏய், நீ நம்ம வடக்குப் பாத்தியில வேலைக்கு வர்றவதானே? என்னா வேணும்?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட இன்றைக்கு எனக்கு லேசாக இருந்திருக்கும். எதையோ ஞாபகப்படுத்திக்கொண்ட மாதிரி முகம் மாறியது.

"ஒண்ணும் இல்லங்க. தெரிஞ்சவங்கன்னு நினைச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். சாலையைக் கடக்க வெகுநேரம் பிடித்தது அவளுக்கு.

"யாருடி அது?" என்றார் மாமியார்.

"தெரியல அத்தை. ஆஸ்பத்திரியில எங்கனா பாத்திருப்பா" என்றேன்.

பின்னால் ஓடியிருக்கலாம். பாத்ரூம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பக்கத்துச் சந்தில் மறித்து, 'உடனே கிளம்பு, நான் டாக்டருக்குப் போன் போடறேன்' என்று சொல்ல இரண்டு நிமிஷம் போதும். போகவில்லை. உள்ளே போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். வடை நன்றாக இருந்தது என்று ஞாபகம் இருக்கிறது. ரகசியம் காக்கிற விதிக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று அன்று ராத்திரி எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். எங்கள் பாத்தியில் உப்பு வாருகிறவள் என்னை உரிமையோடு கூப்பிட்டதை நாத்தனார்கள் பார்த்துவிட்டார்களே என்பதுதான் முதலில் என் மனசில் வந்தது. என் வேலை என்னவென்று வெளிப்பட்டுவிடுமோ என்பது இரண்டாவது. அவளுடைய வயிறு மூன்றாவதாகத்தான் வந்தது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் அவள் கொடுத்த நம்பரைக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். மூன்று தடவை போட்டேன். 'தொடர்பு கிடைக்கவில்லை' என்று பதிவேட்டில் எழுதினேன். எழுதியது உண்மைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவளே தேடிவந்து என் எதிரில் நின்றதை எழுதவில்லை. எழுதியிருந்தால் டாக்டரம்மா அந்த நிமிஷமே காரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்.

அந்த நம்பர் அவள் புருஷனுடையது. அவளுக்கென்று தனியாகப் போன் கிடையாது. அவர் வெள்ளிக்கிழமையே லோடு ஏற்றிக்கொண்டு ஆந்திரா போயிருந்தார், போன் வழியில் தண்ணீரில் விழுந்துவிட்டது. முதல் விஷயத்தை அவள் காப்பாற்றத்தான் பார்த்தாள். கூப்பிடப் போன் இல்லாததால் நேரில் வந்து கூப்பிட்டாள். நான் இரண்டாவது விஷயத்தைக் காப்பாற்றிவிட்டேன்.

புதன்கிழமை அவர் ஊர் திரும்பி, வேறொருவர் போனிலிருந்து எங்களைக் கூப்பிட்டார். அதற்கு முந்தைய நாளே அவளை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவள் மாமியார் கட்டிலை விட்டு நகரவில்லை, அதனால் ஊசி போட்டுக்கொண்ட விஷயத்தை அவள் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. எதனால் நீர் கட்டுகிறது என்று அவர்கள் டெஸ்ட் மேல் டெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா அங்கிருந்த டாக்டரிடம் போனில் பேசினார். ஃபைலைக் கொடுத்து என்னை அனுப்பினார். டூட்டி டாக்டரைத் தனியாகப் பார்த்து ஊசி போட்டது, முட்டை எடுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். அதன் பிறகுதான் வைத்தியம் சரியான திசையில் போனது.

திரும்பும் முன் வார்டுக்குப் போனேன். வயிற்றிலிருந்து நீர் எடுத்திருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாமியார் என்னைப் பார்த்து எழுந்தார்.

"வாங்கம்மா. நீங்கதான் தையல் டீச்சரா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கட்டிலிலிருந்தே, "இல்ல அத்தை. யாருன்னு தெரியல. வேற யாரையோ பாக்க வந்திருக்காங்க போல" என்றாள்.

நான் "ஆமாம்மா, அடுத்த வார்டு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வராண்டாக் குழாயில் முகத்தைக் கழுவினேன், கழுவினேன், நிறுத்த முடியவில்லை.

அவள் இன்னும் வீட்டுக்குத் திரும்பாத நாளில், அந்த முட்டையை வாங்கிய பெண்ணுக்குக் கர்ப்பம் உறுதியானது. ஐந்து தடவை கரு தங்காமல் போனவள், டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எல்லோருக்கும் ஸ்வீட் பெட்டி. லேப்காரர், கவுன்சலர், வாட்ச்மேன் வரை நானே விநியோகித்தேன். "கொடுத்த அந்த மகராசி நல்லாருக்காங்களா சிஸ்டர்?" என்று அவள் கேட்டாள். "நல்லாருக்காங்க" என்றேன். கையில் கொடுத்த மைசூர்பாகையும் தின்றேன்.

ஒரு மாதம் கழித்து அந்த உப்பளத்துப் பெண் கடைசிப் பரிசோதனைக்கு வந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் தேறிவிட்டாள். ஸ்கேன் சுத்தமாக இருந்தது. டாக்டரம்மா போன பிறகு அறையில் நாங்கள் இருவர் மட்டும். இந்த ஒரு தருணத்துக்காக அந்த மாதம் முழுக்க வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். உன் வயிற்றை அன்றைக்கே பார்த்தேன், தெரிந்தேதான் உன்னை அனுப்பினேன், என்னை மன்னித்துவிடு என்று சொல்ல வேண்டும்.

நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"சிஸ்டர், அன்னிக்கு மண்டபத்துல... நீங்க வெளியில பாத்தா தெரியாதுன்னு தெளிவா சொல்லியிருந்தீங்க. நான்தான் மறந்துட்டு வீட்டு ஆளுங்க முன்னாடி கூப்டுட்டேன். உங்களுக்கு ரொம்ப சங்கடமாயிருந்திருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் ஃபைலை மூடினேன்.

"பரவாயில்லம்மா" என்றேன்.