அப்பா முகம் திருத்திய கற்கள்

நேற்று வண்ணார்பேட்டையில், பாதை போடக் குவித்திருந்த ஜல்லியின் மேல் தூறல் விழுந்தது. உடைத்த கல் நனையும்போது ஒரு வாசனை வருமே, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, எனக்குத் துரையின் கற்கள் ஞாபகம் வந்துவிட்டன. குடையை விரிக்க மறந்து நின்றேன்.

அப்பா தச்சநல்லூருக்கு வடக்கே ஒரு பாறையில் கல் உடைப்பவர். எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டியவன் நான். கொஞ்சம் இங்கிலீஷும் தெரிந்ததால், பாறைகளை ஆராய வந்த ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் தற்காலிகக் குமாஸ்தா ஆனேன். வேலை திருப்தியாக இருந்தால் நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்வதாகச் சொல்லியிருந்தார். அம்மா அதை அப்போதே தெருவெல்லாம் சொல்லியாயிற்று.

துரை விளக்கியதை எழுதிக்கொண்டேன். புரிந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். பூமியின் ஆழத்தில் சூடும் பாரமும் பட்டு, உருகாமலேயே ஒரு கல் வேறு கல்லாகிவிடுமாம். சுண்ணாம்புக்கல் பளிங்காகும். மணற்கல் கண்ணாடிபோல் இறுகும். வரியோடியவை ஒரு வகை, வரியில்லாதவை இன்னொன்று. இதுவரை சரி. ஆனால் வரியோடிய இரண்டு கற்களில் ஒன்று முன்பு சேறாக இருந்திருக்கலாம்; மற்றது உருகி உறைந்த பாறையாக இருந்திருக்கலாம். எடுத்த இடத்தில் பக்கத்தில் என்ன கிடந்தது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டுமாம். அதற்காகவே ஒவ்வொரு கல்லின் மேல்தோலிலும் வெள்ளைச் சாயத்தில் ஓர் எண், அந்த இடத்தின் எண்.

"முன்ன சேறா இருந்தா என்னலே, இப்பம் கல்லுதான?" என்றார் அப்பா.

துரையின் கூடாரம் மழையில் ஒழுகவே, அவர் சேர்த்திருந்த முப்பத்தாறு கற்களையும் வண்டியில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "ஊர்ல கல்லுக்கா பஞ்சம்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் அவற்றை அடுக்கப் பெட்டி வாங்கப் போய்த் திரும்பினால், முற்றத்தில் கற்கள் வரிசையாக இருந்தன. மூலை பிசகாமல் சதுரம் சதுரமாக.

"எய்யா, தொரை கைக்குப் போற கல்ல முண்டும் முடிச்சுமாவா குடுப்பாக? ஒன் பேருல்லா கெட்டுப்போவும்!" அப்பா உளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நம்பரு?"

"சுண்ணாம்பு மாரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சே, அதா? சுத்தமா எடுத்துட்டேன்."

செதுக்கிய சில்லுகளை வண்டித்தடத்துப் பள்ளத்தில் கொட்டி மிதித்துமிருந்தார். இடங்களின் பட்டியல் என் நோட்டில் பத்திரமாக இருந்தது. எண்கள்தாம் கற்களில் இல்லை. ஒன்று சொல்ல வேண்டும், வரிகள் அவ்வளவு தெளிவாகத் தெரிந்து நான் பார்த்ததில்லை. இரண்டு குவியலாகப் பிரிக்க எனக்கு ஒரு நாழிகைகூட ஆகவில்லை.

யார் செய்தது என்று துரை கேட்டார். நான்தான் என்றேன். அப்பாவைக் காப்பாற்றவா, கல் உடைப்பவர் என் அப்பா என்று சொல்லக் கூசியா, இன்றுவரை எனக்கே தெளியவில்லை. இனி வர வேண்டாம் என்றார் துரை.

வீட்டில் வேறு சொன்னேன்: துரைக்குக் கல் ரொம்பப் பிடித்தது, ஆனால் அவர் ஊர் திரும்புகிறார். "நான் கொத்துன கல்லு சீமைக்கே போயிருக்கு" என்று கடைசிவரை அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அப்பா இல்லை. அந்தப் பாறையும் இல்லை. உடைத்து உடைத்து, எருமை இறங்கும் குட்டையாகிவிட்டது. நேற்று ஜல்லியில் வரியோடிய ஒரு துண்டைப் பொறுக்கி, இது எங்கிருந்து வந்தது என்று குவியலருகே நின்றவரிடம் கேட்டேன்.

"எங்கன இருந்து வந்தா என்ன அண்ணாச்சி, இங்கன கெடக்குல்லா" என்றார்.