பின் பிரேக் பிடிக்கவில்லை

எர்மெலிந்தா கட்டிய பிரேக் பிடிக்காமல் போனதாகச் சரித்திரம் இல்லை. இதை நாலு பேர் சொல்லட்டும் என்று காத்திருக்கிற பெண் அல்ல அவள், தானே சொல்லிக்கொள்வாள். இத்தாலியில் வரேஸே ஏரிக்கரை மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் பின் சக்கரத்துக்கு பிரேக் கட்டும் மேஜைகள் பதினொன்று. அதில் ஜன்னலோர மேஜை அவளுடையது. இருபத்திரண்டு வருடமாக அதே மேஜை, அதே நாற்காலி. பாதிக் கம்பெனியை அமெரிக்காக்காரர்கள் வாங்கினார்கள், பிறகு மீதியையும் வாங்கினார்கள், பெட்ரோல் டாங்கில் தங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். அவள் நாற்காலி மட்டும் நகரவில்லை. அமெரிக்காவில் யானை மாதிரி வண்டிகளை ஓட்டி அலுத்தவர்களுக்குக் கையடக்கமாக ஒரு வண்டி வேண்டியிருந்ததாம். அதை இங்கே செய்து, மரப்பெட்டியில் அடைத்து, ஜெனோவாவில் கப்பலேற்றினார்கள்.

பிரேக் கட்டுகிறவள் தன் எண்ணைச் சக்கரத்தின் பிரேக் டிரம்மின் உட்பக்கம் அடித்துப் பதிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவள் எண் ஏழு. முழு வண்டி வெளியே வந்ததும் சோதனை ஓட்டுநர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். குறை ஏதும் இருந்தால் கைப்பிடியில் தொங்குகிற அட்டையில் எழுதுவார். குறை பிரேக்கில் என்றால் சக்கரம் கழன்று, அட்டையோடு சேர்ந்து, எந்த எண்ணோ அந்த மேஜைக்கே திரும்பி வரும். யார் ஒழுங்காக வேலை செய்கிறாள், யார் பராக்குப் பார்க்கிறாள் என்பது இப்படி எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அவள் மேஜைக்குத் திரும்பி வந்த முதல் அட்டையை எழுதியவன் தார்சீஸியோ. பின் பிரேக் அளவுக்கு மீறிப் பிடிக்கிறது என்று எழுதியிருந்தான். அதற்கு முந்தைய வாரம்தான் சோதனை ஓட்டுநராகியிருந்தான். ஏழாம் எண் யார் என்று பார்க்கத்தான் அப்படி எழுதினானாம். அவள் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நேராக முற்றத்துக்குப் போய், எல்லோர் எதிரிலும் அவனை ஒரு வாங்கு வாங்கிவிட்டு வந்தாள். மறு வருடம் கல்யாணம். பிள்ளை இல்லை. அதற்காக இருவரும் சில வருடங்கள் அழுதார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். போதியோவில் வாடகை வீடு, பின்னால் தோட்டம், ஞாயிற்றுக்கிழமை சீட்டாட்டம். குறை சொல்ல ஒன்றுமில்லாத வாழ்க்கை.

எழுபத்து நான்காம் வருட வசந்தத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர்கள் ஊரில் புதிதாக ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் கியர் இடது காலில், பிரேக் வலது காலில் இருந்தாக வேண்டும். இத்தாலியில் அன்றுவரை தலைகீழ்: வலது கால் கியர் மாற்றும், இடது கால் பிரேக் மிதிக்கும். அப்படித்தான் தார்சீஸியோ இருபத்தொரு வருடம் ஓட்டியிருந்தான். இனி கப்பலேறும் வண்டிகளுக்கு ஒரு விதம், உள்ளூரில் விற்பவற்றுக்குப் பழைய விதம். இரண்டும் கலந்துதான் முற்றத்தில் நிற்கும். எது முன்னால் நிற்கிறதோ அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். மேஸ்திரி ஓசோலா கெட்டவர் இல்லை. அமெரிக்க வண்டிகளின் கைப்பிடியில் சிவப்பு நாடா கட்டச் சொன்னார். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

நிதானமாகப் போகும்போது நாடா போதும். திடீரென்று எதிரே ஒன்று வந்து நிற்கும்போது நாடாவை யார் பார்க்கிறார்கள்? கால் தானாகப் போகும்; தனக்குத் தெரிந்த பக்கம்தான் போகும்.

ஏப்ரல் கடைசியில் எர்மெலிந்தாவுக்கு ஓர் அட்டை வந்தது. கணவனின் கோணல் எழுத்து. பின் பிரேக் பிடிக்கவில்லை. பிரித்துப் பார்த்தாள். லைனிங் புதிது, ரிவெட்டுகள் இறுக்கம், ஸ்பிரிங் சரியாக இருந்தது. மறுபடி மூடி அனுப்பினாள். நான்கு நாள் கழித்துப் பக்கத்து மேஜை இஸிதேக்கு ஓர் அட்டை. அதே எழுத்து, அதே வாசகம். அப்புறம் மூன்றாம் மேஜைக்கு, இன்னும் சில மேஜைகளுக்கு. அந்த வாரம் நாடு முழுக்க விவாகரத்துச் சட்டம் நிலைக்கட்டுமா வேண்டாமா என்று ஓட்டுப் போடவிருந்தார்கள். இஸிதேக்கு வாய் சும்மா இருக்குமா?

"லிந்தா, உன் புருஷனுக்கு நம்ம யார் பிரேக்குமே பிடிக்க மாட்டேங்குதே. ஞாயித்துக்கிழமை எந்தப் பக்கம் ஓட்டுப் போடறதுன்னு இப்பவே யோசிச்சு வெச்சுக்கோ" என்றாள். மேஜைகள் பூராவும் சிரித்தன. எர்மெலிந்தாவும் சிரித்தாள்.

சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் உட்கார்ந்து அட்டைகளைச் சேர்த்து அடுக்கினாள். ஆறு இருந்தன. ஆறு பிரேக்கும் நன்றாக இருந்தவை. அட்டையில் வண்டி எண்ணுக்குப் பக்கத்தில் அது போகும் ஊர் எழுதியிருக்கும். ஆறிலும் அமெரிக்கா. பிரேக் பிடிக்காமல் இல்லை. ஆறு தடவை ஏதோ ஒன்று அவன் எதிரே வந்திருக்கிறது. ஆறு தடவையும் அவன் இடது காலால் கியரை மிதித்துவிட்டு, பிரேக்கை மிதித்ததாக நினைத்திருக்கிறான். ஆறு தடவை தப்பித்திருக்கிறான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் கேட்டுவிட்டாள். அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"ஆறையும் பிரிச்சுப் பாத்தாச்சு. ஒண்ணுலயும் குத்தமில்ல. எந்தக் காலால மிதிச்சே?"

தார்சீஸியோ ஸ்பூனைக் கீழே வைத்தான். ஓட்டுகிறவனுக்குத் தெரியாததா ரிவெட் அடிக்கிறவளுக்குத் தெரிந்துவிட்டது என்று கேட்டான். இருபத்தொரு வருடத்தில் ஒரு கீறல் உண்டா என்றான். அவள் விடவில்லை. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு உள்ளே ஒரு வேலை வாங்கிக்கொள், பெட்டி கட்டும் பகுதியில் ஆள் தேவையாம் என்றாள். அது அவள் செய்த தப்பு. சாலையில் காற்று வாங்கிக்கொண்டு வாழ்ந்தவனைப் பெட்டிக்கு ஆணி அடிக்கக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அவன் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து இருவருக்கும் இடையே உப்பு, ரொட்டி, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேச்சில்லை.

அந்தக் கோடையில் ஏரி பாசி பிடித்துப் பச்சையாகக் கிடந்தது. செத்த மீன் கரையோரம் வெள்ளை வெள்ளையாக ஒதுங்கி நாறியது. மற்றப் பெண்கள் ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கத்துவார்கள். எர்மெலிந்தா சாத்த விடமாட்டாள். ஜன்னல் திறந்திருந்தால் வாசலைத் தாண்டி வண்டிகள் போவதும் வருவதும் கேட்கும். அவன் கியர் மாற்றுகிற விதம் அவளுக்குத் தெரியும். சத்தம் கவிராத்தே பக்கம் போய்த் தேய்ந்து மறைந்ததும் கை வேலை செய்யும், காது காத்திருக்கும். சுற்றி வர முக்கால் மணி. ஐம்பது நிமிடம் ஆகிவிட்டால் ரிவெட் கோணலாக விழும். அவன் திரும்பி வந்துவிட்டான் என்று தெரிந்த பிறகே மூச்சு விடுவாள். பத்து நிமிடத்தில் அடுத்த வண்டி கிளம்பும். ஒரு நாளைக்கு எட்டு முறை அவள் இப்படிச் செத்துப் பிழைத்தாள்.

ஜூன் முதல் வாரம் இன்னோர் அட்டை வந்தது. அதற்குப் பிறகு வரவே இல்லை. ஒரு வாரம் பார்த்தாள், இரண்டு வாரம் பார்த்தாள். எந்த மேஜைக்கும் ஒன்றும் இல்லை. இஸிதேகூட, உன் ஆளுக்கு புத்தி வந்துவிட்டது என்றாள். எர்மெலிந்தாவுக்கு அதுதான் பயத்தை இரட்டிப்பாக்கியது. தான் அட்டைகளை எண்ணுவது தெரிந்துபோனதால் எழுதாமல் மறைக்கிறான் என்று நினைத்தாள். வீட்டிலும் அவன் போக்கு மாறியிருந்தது. காலையில் சவரம் செய்யும்போது சீட்டியடித்தான். ஒரு நாள் அவள் தோளைத் தொட்டு ஏதோ சொல்ல வந்தான். அவள் பாத்திரம் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். நடிக்கிறான் என்று எண்ணினாள். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவன் முகத்தில் இருந்த சந்தோஷம் பொய்யென்று தோன்றும் அளவுக்கு பயம் அவள் கண்ணைக் கட்டியிருந்தது.

ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை மேஸ்திரி ஓசோலாவின் அறைக் கதவைத் தட்டினாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறைக்குள் அவள் போனது அதுவே மூன்றாம் முறை. ஏழு அட்டைகளையும் மேஜைமேல் வரிசையாக வைத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். அவருக்கும் விளங்கிவிட்டது.

"அவரை வேலையவிட்டு எடுத்துடாதீங்க மேஸ்திரி. பெட்டி கட்டவும் அனுப்பாதீங்க, உசிரையே விட்டுடுவாரு. அமெரிக்கா வண்டிய மட்டும் அவரு கையில குடுக்காதீங்க" என்றாள்.

"நீ வந்தது யாருக்கும் தெரியாது. திங்கக்கெழமையிலேர்ந்து அவனுக்கு நம்மூர் வண்டிதான். வேற ஏதாவது காரணம் சொல்லிக்கறேன். போம்மா, நிம்மதியாப் போ" என்றார் ஓசோலா.

வீட்டுக்குப் போகும் வழியில் நல்ல கன்றிறைச்சியாகப் பார்த்து வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை குங்குமப்பூ போட்ட ரிஸோத்தோ சாதம் செய்து, இறைச்சியோடு பரிமாறினாள். என்ன விசேஷம் என்று அவன் கேட்டான். ஒன்றுமில்லை, சும்மா என்றாள். இருவரும் ஒரு புட்டி வைன் காலி செய்தார்கள். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் விடியும்வரை விழிக்காமல் தூங்கினாள்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஜன்னல் பக்கம் காதைக் கொடுக்காமல் வேலை செய்தாள். நாற்றமடிக்கிறது என்று அவளே ஜன்னலைச் சாத்தினாள். வியாழக்கிழமை பத்தரை மணிக்கு மேஸ்திரி அவள் மேஜைக்கு வந்து நின்றார். அவர் தொப்பியைக் கையில் பிடித்திருந்ததைப் பார்த்ததுமே அவள் எழுந்துவிட்டாள். பியந்த்ரோன்னோ வளைவில் செங்கல் சூளையிலிருந்து ஒரு லாரி பின்பக்கமாகச் சாலைக்கு வந்திருக்கிறது. தார்சீஸியோ அதன் அடியில் போய்விட்டான். உயிர் இருக்கிறது, வரேஸே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எந்த வண்டி?"

"நம்மூர் வண்டிதான், லிந்தா" என்றார் மேஸ்திரி. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

விலா எலும்பு உடைந்து நுரையீரலில் ஏறியிருப்பதாக டாக்டர் சொன்னார். அதிகம் பேச வைக்காதீர்கள் என்றார். அவன் அதிகம் பேசவில்லை. மெதுவாக, இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான். அவள் முகத்தைக் கிட்டத்தில் வைத்துக் கேட்டாள்.

"நீ சொன்னது சரிதான் லிந்தா. காலுதான். மொதல்ல எனக்கே தெரியல, பிரேக்குதான் சரியில்லன்னு நெனச்சேன். நீ கேட்டப்புறமும் ஒரு அட்டை எழுதினேன், அப்பதான் கவனிச்சுப் பாத்தேன். அதுக்கப்புறம் தினமும் நாடா கட்டின வண்டியாவே தேடி எடுத்து ஓட்டி ஓட்டி பழக்கினேன். சின்னப் புள்ள நடக்கக் கத்துக்கற மாதிரி. மூணு வாரமா வலது காலு தானாப் போச்சு பிரேக்குக்கு. நாய் குறுக்க வந்துச்சு, சைக்கிள்காரன் வந்தான், ஒரு தடவகூடத் தப்பல. உங்கிட்டச் சொல்லணும்னு இருந்தேன். நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டே."

அவள் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். அவன் தொடர்ந்தான்.

"திடீர்னு திங்கக்கெழமை ஓசோலா பழைய வண்டியா எடுத்துக் குடுக்கறாரு. நாடா கட்டினது ஒண்ணுகூட இல்ல. இன்னிக்கி லாரி வந்ததும் வலது காலு போயிருச்சு. அங்க கியருதான இருக்கு." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டான். "யாரோ போய்ச் சொல்லியிருக்கான். எவன்னு தெரியல."

மேஸ்திரி வாயைத் திறக்க மாட்டார். அவள் சொல்லாவிட்டால் அது யாருக்கும் தெரியப்போவதில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர் இருமிக்கொண்டிருந்தார். கன்னியாஸ்திரீ ஒருத்தி வந்து திரையை இழுத்துவிட்டுப் போனாள். எர்மெலிந்தா பொய் சொல்லிப் பழகாதவள். பழகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் பல வருடம் நினைத்திருக்கிறாள்.

"நான்தான்" என்றாள். "அட்டை வரது நின்னுபோச்சு. நீ மறைக்கிறேன்னு பயந்துட்டேன்."

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டால் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவன் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, லிந்தா" என்றான்.

சனிக்கிழமை மத்தியானம்வரை இருந்தான். அந்த இரண்டு நாளில் தக்காளிக்குத் தண்ணீர் விடச் சொன்னான், சீட்டாட்டத் தோழனுக்குச் சொல்லியனுப்பச் சொன்னான், தலையணையை நகர்த்தச் சொன்னான். இந்தப் பேச்சை மட்டும் மறுபடி எடுக்கவில்லை. அவள் எடுக்கப் பார்த்தபோதெல்லாம், சரி விடு, சரி விடு என்றான்.