றீற்றா அக்கா தாழ்த்தச் சொன்ன யன்னல்கள்

பாடம் நடத்த வகுப்புக்குள் நுழையும்போது டென்மார்க்கின் சில்க்போர்க் நகரிலிருந்து அழைப்பு வந்தது. றீற்றா அக்காவின் மகள். என்னோடு எப்போதும் டேனிஷில் கதைப்பவர், அன்று தமிழில் சொன்னார்: "மாமா, அம்மா காலமை போயிட்டா. இதயம் நிண்டிட்டுதாம்."

மன்னாரில் பிறந்த றீற்றா அக்கா, சில்க்போர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில், அது திறந்த நாள் முதல் பராமரிப்பாளராக இருந்தார். அந்த இல்லத்தை வரைந்தவன் நான். கட்டடக்கலைஞனாக என் முதல் பெரிய வேலை. வெளியாட்கள் எட்டிப் பார்க்கக்கூடாதென்று யன்னல்களின் அடிவிளிம்பை உள்ளே நெஞ்சுயரத்தில் வைத்திருந்தேன்.

கொரோனா வந்ததும் இல்லம் பூட்டப்பட்டது. உறவினர்கள் வெளியே புல்தரையில் நின்றுதான் பார்க்கலாம். எழுப்பி இருத்த முடியாத ஒரு முதியவரின் மனைவி நாள்தோறும் வந்து நின்றார். அக்கா கட்டிலை யன்னலோரம் தள்ளி, உயர்த்தக்கூடிய மட்டும் உயர்த்தினார். போதவில்லை, வெளியே நிலமும் பள்ளம். மனைவி அசைத்த கையுறை மட்டுமே முதியவருக்குத் தெரிந்தது. முகம் பாராமலே இறந்துபோனார்.

அன்று பின்னேரம் அக்கா எனக்கு அழைத்தார். ஏசவில்லை.

"தம்பி, நீர் கீறின வீட்டிலை ஒருக்கா வந்து படுத்துப் பாரும்."

தடை நீங்கியதும் போய்ப் படுத்தேன். வானம் மட்டும் தெரிந்தது.

பிறகு, நான் கற்பிக்கும் கட்டடக்கலைக் கல்லூரிக்கு அவரை அழைத்தேன். "நான் என்னத்தைப் படிப்பிக்க?" என்று தயங்கினார். வந்தவர் மாணவர்களை நிலத்தில் படுக்கவைத்து, அவரவர் வரைபடத்தை முகத்துக்கு நேரே பிடித்து, டேனிஷில் ஒரே கேள்வி கேட்டார்: இங்கே படுத்திருப்பவர் யாரைப் பார்க்கலாம்? பலர் அன்றே புதிதாக வரையத் தொடங்கினார்கள். அதன்பின் ஆண்டுதோறும் வந்தார். தொற்றுக்காலம் பற்றிய என் விரிவுரைகள் அவர்களுக்கு மறந்திருக்கும். அந்தக் கேள்வி மறக்கவில்லை.

புறப்படும்போது ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்பார்: "யன்னலைக் கீழை பதிக்கச் சொல்லிக் கொமூனுக்கு எழுதினீரோ?"

"ஓம் அக்கா, இந்தக் கிழமை எழுதுறன்."

இல்லத்தை நடத்தும் நகரசபையான கொமூனுக்கு நான் எழுதவில்லை. என் பிழையை என் கையெழுத்தில் ஒப்புக்கொள்ள வெட்கம். மாணவர்களின் பிழைகளைத் திருத்துவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

நல்லடக்கத்தின் மறுநாள் எழுதினேன். ஒன்பது நாளில் பதில் வந்தது; அளவெடுக்க ஆள் அனுப்புகிறார்களாம். இவ்வளவுதானா என்று அந்தக் கடிதத்தைத் திரும்பவும் வாசித்தேன்.

நேற்று வந்தார்கள். நானும் போனேன். யன்னலுக்குக் கீழே, மெத்தையின் மட்டத்தில், யன்னல் இனி இறங்கப்போகும் அளவாக, சுவரில் நீளமாக ஒரு பென்சில் கோடு போட்டார்கள்.

கோடு போட்டாயிற்று, அக்கா. நீங்கள் இருக்கும்போதே போட்டிருக்க வேண்டியது. மன்னித்து, போய் வாருங்கள்.