சூலத்தில் கட்டிய எர்த் கம்பி

லாயாங் லாயாங் டவுனைத் தாண்டி உள்ளே, செம்பனைத் தோட்டத்து நடுவில் எங்கள் முனீஸ்வரர் கோயில். தோட்டத்து வீடுகளை இடித்தபோது நாங்களெல்லாம் டவுனுக்குப் போய்விட்டோம்; சாமி மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். கரண்ட் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஜெனரேட்டர் சத்தம் போதுமென்று சோலார் போட முடிவானது. சிங்கப்பூர் ஃபேக்டரியில் டெக்னீஷியனாக இருக்கும் என் அண்ணன், லீவு நாள்களில், எல்லைக்கு இந்தப் பக்கம் அவன் குடியிருக்கும் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து வந்து வேலையை எடுத்துச் செய்தான்.

பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் பின்னாலிருந்த கொட்டகையில். அங்கே ஒரு செம்புக் கம்பியை மண்ணில் அடித்து எர்த் கொடுத்தான். முன்னாலிருந்த தண்ணீர் பம்புக்கு ஜெனரேட்டர் காலத்து ஒயர்தான். அதில் எர்த் கம்பி கிடையாது. கொட்டகையிலிருந்து பச்சை ஒயரைப் பள்ளம் தோண்டிக் கொண்டுவர வேண்டும் என்றான் அண்ணன். கோயில் தலைவருக்கு முகம் மாறிவிட்டது.

"சாமி நடக்குற எடம் லா அது. அங்க மண்வெட்டி படக்கூடாது. பம்பு பக்கத்துல சாமி சூலம் மண்ணுக்குள்ளதான போயிருக்கு? அதுல கட்டிவிடு."

அண்ணன் விடவில்லை. இரண்டு எர்த்தும் ஒன்றோடொன்று சேராவிட்டால் ஆபத்து என்று பொறுமையாகத்தான் சொன்னான். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. பெரியவர்கள் முன்னால் ஃபேக்டரிப் பேச்சு வேண்டாம் என்று எல்லார் எதிரிலும் அவன் வாயை அடைத்தார். அண்ணன் பம்பின் இரும்பிலிருந்து பச்சை ஒயரை இழுத்துச் சூலத்தில் சுற்றி முறுக்கினான். பள்ளம் தோண்டாமல் ஒயரைத் தலைக்கு மேலே இழுத்திருக்கலாமே என்று இன்றைக்குக் கேட்பது சுலபம். அன்றைக்கு அவனுக்கு மனம் விட்டுப்போய்விட்டது.

வெள்ளிக்கிழமைகளில் சூலத்தைக் கழுவி எலுமிச்சம்பழம் குத்துவது அப்பாவின் வேலை. அந்த வெள்ளியும் பம்பைப் போட்டுவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று சூலத்தைப் பிடித்தார். பிடித்த கை விடவில்லை. நான்தான் ஓடிப்போய் கொட்டகை சுவிட்சை இறக்கினேன். திரும்பி வரும்போது அப்பா தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது. எலுமிச்சம்பழம் வாய்க்கால்வரை உருண்டு போயிருந்தது.

பம்புக்குள் ஒயர் உரிந்து இரும்பில் பட்டிருந்தது, அவ்வளவுதான். இரண்டு எர்த்தையும் இணைத்திருந்தால் கரண்ட் அந்த ஒயர் வழியே பாய்ந்து, சுவிட்ச் தானாக விழுந்திருக்கும். மண் வழியாகப் போனது கொஞ்சம்தான். சுவிட்சுக்கு அது உறைக்கவில்லை. அப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது.

சாமி கூப்பிட்டுக்கொண்டார் என்றார் தலைவர். காரியத்துக்கு வந்த எல்லாரும் அதையே சொன்னார்கள். அம்மாவும் சொன்னாள், அழாமல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் மட்டும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அந்தத் தலைவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. சில நாள்களில் அப்பாவையும்தான்.

கருமாதி முடிந்து கோயிலைத் திறக்கும்முன் அண்ணன் மண்வெட்டியோடு போனான். நானும் அம்மாவும் கூடப் போனோம். தலைவர் தள்ளி நின்று பார்த்தாரே தவிர, தடுக்கவில்லை. மண் இளகலாக இருந்தது. ஒரு காலை நேரத்துக்குள் பள்ளம் தோண்டி, பச்சை ஒயரைப் போட்டு, இரண்டு முனையையும் முடுக்கிவிட்டான்.

மண் மூடும்முன் அம்மா பள்ளத்தின் ஓரமாகவே கொட்டகைவரை நடந்தாள். திரும்பி வந்து அண்ணனிடம் கேட்டாள்.

"இவ்ளோ தூரந்தானாப்பா?"

அண்ணன் குனிந்தபடியே மண்ணைத் தள்ளினான்.